மூளையில் கொழுப்பைச் சிதைக்கும் நொதிதான் பசியைத் தீர்மானிக்கிறதாமே, உண்மையா? அதைக் கூட்டினால் எடை குறையுமா?

"நொதியைத் தூண்டி எடையைக் குறைக்கும்" என்று ஏதோ பொடி விளம்பரம் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். காசு கொடுப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, நல்லது.

முதல் கேள்விக்குப் பதில்: ஓரளவு உண்மை. லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. ரத்தத்தில் வரும் டிரைகிளிசரைடு கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கி, செல்கள் எடுத்துக்கொள்ள வழி செய்வது அதன் வேலை. தசையில் இருக்கிறது, கொழுப்புத் திசுவில் இருக்கிறது, மூளை நரம்பு செல்களிலும் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எக்கல் குழுவினர் நரம்பு செல்களில் மட்டும் இந்த நொதி இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். கொடுத்தது வழக்கமான தீனிதான். பசியைக் கிளப்பும் ஏஜிஆர்பி என்ற மூளைப் பொருள், பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸில் கூடியது, எலிகள் அதிகம் தின்றன, 16 வார வயதுக்குள் குண்டாகிவிட்டன. அதோடு நிற்கவில்லை. உடல் செலவழிக்கும் சக்தி குறைந்தது, ஓடியாடுவதும் குறைந்தது. இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். குண்டாக இருப்பவர்களைச் சோம்பேறி என்று திட்டுகிறவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு சூடு என்றால், எங்கள் அலுவலகத்தில் ஒரு ஆரோக்கிய முகாம் நடத்தினார்கள். எல்லார் முன்னாலும் எடை மெஷினில் ஏற்றி எண்ணைச் சத்தமாகப் படித்தார்கள். "பசி அடங்கவே மாட்டேங்குது மேடம்" என்றேன். உணவு ஆலோசகர் சிரித்துக்கொண்டே, "அது பசி இல்லம்மா, ஆசை. ராத்திரி எந்திரிச்சு என்ன சாப்பிடுறீங்க, உண்மையைச் சொல்லுங்க" என்றார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். அப்புறம் வாசலில் ஒரு மேஜை போட்டு, லைப்பேஸ் என்ற கொழுப்பை உடைக்கும் நொதி கலந்த எடைக் குறைப்புப் பொடி விற்றார்கள்.

நான் பி.எஸ்சி. உயிர்வேதியியல் படித்தவள். "தம்பி, நொதி ஒரு புரதம். வாயில் போட்டால் வயிறும் குடலும் செரித்துவிடும், மூளைக்கு எப்படிப் போகும்?" என்று விற்ற பையனிடம் கேட்டேன். "ரிசல்ட் வரும் மேடம்" என்றான். சரி, செரிக்காமல் குடல்வரை போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே லைப்பேஸ் செய்வது என்ன? சாப்பாட்டுக் கொழுப்பை உடைத்து உடம்புக்குள் சேர்ப்பது. கணையம் பழுதானவர்களுக்கு நொதி மாத்திரை தருவதே அதற்குத்தான். எடை குறைக்கத் தரும் ஆர்லிஸ்டாட் மருந்து இதற்கு நேர் எதிராக, குடலில் லைப்பேஸைத் தடுக்கிறது. உடையாத கொழுப்பு மலத்தோடு போய்விடும். ஆக, அந்தப் பொடி வேலை செய்தால்தான் வம்பு! இதைச் சொன்னதும் பையன் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டான்.

"எலிக்கு நடந்தது மனிதனுக்கு நடக்குமா?" என்று சிலர் கிளம்புவீர்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதுதான் பதில்: மூளையில் இருக்கும் இந்த நொதியை வைத்து மனிதர்களுக்கு எடை மருந்து எதுவும் இல்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பசி என்பது மன உறுதி மட்டும் அல்ல என்பதற்கு மனிதர்களிலேயே சாட்சி உண்டு. பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் பிறவியிலேயே சுரக்காத இரண்டு குழந்தைகளைப் பற்றி 1997-ல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் எழுதினார்கள். அடங்காத பசி, மிகையான எடை. பின்னால் அந்தக் குறைபாட்டுக்கு லெப்டின் ஊசி போட்டபோது பசி தணிந்து எடையும் இறங்கியது. அது மிக அரிதான குறைபாடு, நம்மில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. "அப்போ பிரியாணியை வெளுத்துக்கட்டலாமா" என்று கேட்காதீர்கள். நான் நடக்கிறேன், அளவாகத்தான் சாப்பிடுகிறேன். நான் டாக்டரும் இல்லை. தைராய்டு, சர்க்கரை எல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டு நல்ல மருத்துவரிடம் பேசுங்கள்.

இதோடு இன்னொன்று, சொல்லாமல் விட மனசில்லை. எங்கள் பக்கத்து ஜவுளிக்கடையில் டபுள் எக்ஸெல் நைட்டிக்கு மட்டும் தனி விலை. துணி கூடுதலாகப் போகிறதாம். அப்படியென்றால் ஸ்மால் சைஸுக்குக் குறைக்க வேண்டியதுதானே? கேட்டால் மின்விசிறியைப் பார்க்கிறார்கள்.