வகுப்பில் வராத நடுக்கம் மேடையில் ஏன் வருகிறது?

கேள்வி: 22 வருடமாகக் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். போன ஜூனில்தான் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரானேன். இன்னும் 25 நாளில் ஆண்டு விழா. எம்எல்ஏ, கல்வி அலுவலர்கள், பெற்றோர் எல்லாரும் வருவார்கள், ஆண்டறிக்கையை நான்தான் வாசிக்க வேண்டும். குடியரசு தினத்தன்று மைக் முன்னால் நின்றதுமே குரல் நடுங்கி, கையில் இருந்த பேப்பர் படபடவென்று ஆடி, பாதியில் முடித்துவிட்டு இறங்கினேன். தெரிந்தவர் ஒருவர் கோவையில் இரண்டு நாள் பயிற்சி இருக்கிறது, 12,500 ரூபாய் கட்டுங்கள் என்கிறார். தம்பியோ ஒரு மாத்திரை போட்டால் படபடப்பே வராது என்கிறான். எதைச் செய்வது?

பதில்: டீச்சர், முதலில் அந்த 12,500 ரூபாயைக் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

இந்த மாதிரிப் பயிற்சிகளுக்கு ஆள் சேர்த்துவிடும் ‘தெரிந்தவர்’ பலருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. உங்களுக்குச் சொன்னவர் அப்படிப்பட்டவரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. பயிற்சி நடத்துகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எனக்கு எத்தனை நிமிடம் மைக் கிடைக்கும்? ஓட்டல் ஹாலில் 60 பேர், இரண்டு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் மொத்தம் 720 நிமிடம். அதில் பயிற்சியாளர் தன் வாழ்க்கைக் கதை, கைதட்டல், பாட்டு, குரூப் போட்டோ என்று 600 நிமிடத்தை எடுத்துக்கொண்டால் மிச்சம் 120, ஆளுக்கு இரண்டு நிமிடம். கணக்கு டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நிமிடத்துக்கு 6,250 ரூபாய். கடைசியில் தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ் ஒன்று தருவார்கள். சிலர் நெருப்பில் நடக்க வைக்கிறார்கள், ட்யூப்லைட்டை உடைக்க வைக்கிறார்கள். ஆண்டறிக்கை வாசிக்க அது எதற்கு?

சரி, உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். 22 வருடம் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்றவருக்குப் பேச வராது என்று நான் நம்ப மாட்டேன். வகுப்பில் நீங்கள் கவனிப்பது பிள்ளைகளின் முகத்தை. பின் பெஞ்சில் இருப்பவனுக்குப் புரிந்ததா, அந்தப் பெண் ஏன் நோட்டைத் திறக்கவில்லை என்று கண் அங்கேயே இருக்கும், உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று நினைக்க நேரமே இருக்காது. மேடை ஏறியதும் கண் உள்ளே திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குகிறதா, புடவை சரியாக இருக்கிறதா, எம்எல்ஏ என்ன நினைப்பார் என்று உங்களையே நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். உடம்பு அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமாக அடிக்கும், வாய் உலரும், கை நடுங்கும். இது நோயும் இல்லை, கோழைத்தனமும் இல்லை.

நாம் நினைக்கும் அளவுக்கு யாரும் நம்மைக் கவனிப்பதும் இல்லை. 2000இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட டீ சர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். போனவர்கள், ஏறக்குறைய பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். படபடப்பும் அப்படித்தான், உள்ளே பத்து பங்கு அடித்தால் வெளியே ஒரு பங்கு தெரிந்தால் அதிகம். இன்னொரு ஆய்வில் பேசப் போகிறவர்களிடம் இதைச் சொல்லி அனுப்பியதுமே அவர்கள் இன்னும் நன்றாகப் பேசினார்கள்.

காந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸ்டர் பட்டம் வாங்கி வந்து, பம்பாயில் சின்ன வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் முதல் வழக்குக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றி ஒரு கேள்விகூடக் கேட்க வரவில்லை. வழக்கை வேறு வக்கீலிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். அதே வழக்கில் தரகர் கமிஷன் கேட்டபோது மட்டும் உறுதியாகத் தர முடியாது என்று சொல்லியிருக்கிறார். தரகர்கள் அப்போதும் இருந்தார்கள்.

இப்போது மாத்திரை. தம்பி சொல்வது அநேகமாக ப்ரோப்ரனலால். ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி போன்றவற்றுக்குக் கொடுக்கும் மருந்து, இதயத் துடிப்பைக் குறைக்கும், கை நடுக்கத்தையும் குறைக்கும். கச்சேரி வாசிப்பவர்கள்கூட எடுப்பது உண்டு. ஆனால் ஆஸ்துமா இருந்தால் தொடவே கூடாது. சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போது இல்லை என்பவர்களும் இதில் சேர்த்திதான், ‘எனக்கு ஆஸ்துமா எல்லாம் இல்லை, மார்கழியில் மட்டும் கொஞ்சம் இழுக்கும்’ என்பவர்களும்தான். இந்த மாத்திரை மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், மேடை பயத்தைப் போக்கப் போய் மூச்சுக்கே திண்டாட வேண்டியிருக்கும். என்னிடம் படித்த ஒருவர் நண்பர் கொடுத்தார் என்று விழுங்கிவிட்டு, பேச வேண்டிய நேரத்தில் இன்ஹேலரைத் தேடிக்கொண்டிருந்தார். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து இது, ஆனால் நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் எது கிடைக்காது? திரும்பவும் சொல்கிறேன், எப்போதாவது இழுத்திருந்தால்கூட இந்த மாத்திரை வேண்டாம், இழுத்ததே இல்லை என்றாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

மைக் பழக்கம்தான் மருந்து. உங்களிடம் தினமும் காசில்லாமல் ஒரு மைக் இருக்கிறது, காலை வழிபாட்டுக் கூட்டம். நாளையிலிருந்து தினமும் ஒரு நிமிடம் நீங்களே பேசுங்கள். நேற்று கிரவுண்டில் பார்த்த ஒரு விஷயம், சத்துணவில் முட்டை வரத் தாமதமானது, எதுவாக இருந்தாலும் சரி. பிள்ளைகள் முன்னால்தான் எனக்குப் பயம் இல்லையே என்பீர்கள். மைக்கும் மேடையும் உடம்புக்குப் பழகட்டும். இரண்டாவது வாரம் ஆசிரியர் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவதை எழுந்து நின்று பேசுங்கள். அடுத்து பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வரும்போது பெற்றோர் முன்னால் ஐந்து நிமிடம். பயம் முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில்தான் உச்சத்துக்குப் போகும், ஓடாமல் நின்றால் தானாக இறங்கும். குடியரசு தினத்தன்று அது இறங்குவதற்கு முன்னால் நீங்கள் இறங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். பக்கத்து நகரத்தில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் இருந்தால் விருந்தாளியாகப் போய்ப் பாருங்கள். மேடையில் பேசிப் பழகுவதற்காகவே 1924இலிருந்து நடக்கும் அமைப்பு, ஒன்றிரண்டு நிமிடம் பேச விட்டு, நேரத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டையில் காட்டுவார்கள்.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், தலைமை ஆசிரியராக்கும்போது எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவது, வருகைப் பதிவேடு, ஆடிட் எல்லாம் சொல்லித்தரும் நம் அமைப்பு, பெரியவர்கள் முன்னால் நின்று பேசுவதை மட்டும் சொல்லித்தருவதில்லை. பள்ளியில் மட்டும் என்ன வாழ்கிறது? பேச்சுப் போட்டி என்றால் வருடா வருடம் அதே மூன்று பிள்ளைகள், ஆசிரியர் எழுதித் தரும் நாலு பக்கம், மனப்பாடம். நான் ஏழாம் வகுப்பில் அப்படித்தான் ஏறினேன். மூன்றாவது பத்தியில் ஒரு சொல் மறந்ததும் மிச்சம் எல்லாமே போய்விட்டது.

அதனால் ஆண்டறிக்கையை மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் மூன்று வாக்கியத்தை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை வாசிக்கலாம், அறிக்கைதானே. தாளைப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு வையுங்கள், வெறும் தாள் கை நடுக்கத்தை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு பத்தி முடிவிலும் நிமிர்ந்து ஒரு முகத்தைப் பாருங்கள், எம்எல்ஏவை இல்லை, நடுவில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு பிள்ளையின் அம்மாவை. அவருக்குப் புரிகிறதா என்று வகுப்பில் பார்ப்பது போலவே பாருங்கள். தேர்ச்சி விழுக்காடு சொல்லும்போது நிறுத்திச் சொல்லுங்கள்.

‘மேடையில் வீற்றிருக்கும்’ என்று தொடங்கும் அந்த நீண்ட பட்டியலை வரவேற்புரை சொல்பவரிடமே விட்டுவிடுங்கள். நடுங்குகிற நேரத்தில் பதினாலு பெயரும் பட்டமும் சொல்லப் போனால் ஒன்று விட்டுப்போகும், மிச்சப் பேச்சு முழுக்க அந்த ஒருவரையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அப்புறம், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், பாட்டில் என்றால் மூடியை முன்பே தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.