தேயிலை மலையில் ஒரு சண்டை மேடை: தரையைச் சரியாக வையுங்கள்

கேள்வி: ஹட்டன் பக்கம் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து கோடோ என்ற கேம் எஞ்சினில் ஒரு 2டி ஃபைட்டிங் கேம் செய்கிறோம். முதல் ஸ்டேஜ் எங்கள் தோட்டம். தேயிலை மலைச் சரிவில் சண்டை. பின்னால் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில், பக்கத்தில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சி, முன்னால் பனிமூட்டம். ஒரு ஓரத்தில் பள்ளம், தோற்பவர் அதில் விழவேண்டும். கடைசி ரவுண்டில் மண்சரிவு ஒன்றும் வைக்கலாமா என்று யோசனை. விளையாடிப் பார்த்தவர்கள் “பார்க்க நல்லா இருக்கு, அடிக்கத்தான் ஏலாம இருக்கு” என்கிறார்கள். எங்கே பிழை?

பதில்: தரையில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் கேமில் ஒவ்வோர் அடியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகம். அது எதிராளியின் உடல்மேல் இருக்கும் செவ்வகத்தைத் தொட்டால் அடி விழுந்ததாகக் கணக்கு. சமதரையில் எங்கே நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. சரிவில் மேலே நிற்பவன் நெஞ்சுயரத்தில் விடும் குத்து கீழே நிற்பவனின் தலைக்கு மேலே போய்விடும். குனிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கீழிருந்து நேராக விடும் நெருப்புருண்டை மேலே இருப்பவனின் காலடி மண்ணுக்குள் புகும். மேட்டுப் பக்கம் பாய்பவன் சில ஃபிரேம் (திரையில் மாறும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) முந்தித் தரை தொடுவான், பள்ளத்துப் பக்கம் பாய்பவன் பிந்துவான். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. ஒரு காம்போ, அதாவது தொடர் அடி, தொடர்வதும் அறுவதும் அந்த இரண்டு மூன்று ஃபிரேமில்தான். போதாததற்கு, ரவுண்ட் தொடங்கும்போதே ஒருவன் மேட்டில், மற்றவன் பள்ளத்தில். தோற்றவன் தன் கையைக் குறை சொல்லமாட்டான், உங்கள் ஸ்டேஜைத்தான் சொல்வான்.

பெரிய நிறுவனங்களும் இதைச் செய்துபார்த்து விட்டவைதான். 1996இல் வந்த விர்ச்சுவா ஃபைட்டர் 3இல் மேடும் பள்ளமுமான தரைகள் இருந்தன; நான்காம் பாகத்தில் எடுத்துவிட்டார்கள். டெக்கன் 4இலும் அப்படித்தான், ஐந்தாம் பாகத்தில் தரை மறுபடி சமமானது.

“மலைநாட்டில் ஏது சமதரை?” என்று நீங்கள் கேட்கலாம். இங்கே சமதரை தானாகக் கிடைக்காது, வெட்டித்தான் எடுக்கவேண்டும். அதனாலேயே வெட்டி எடுத்த இடத்தில் எல்லாம் நடக்கும். லயம் என்ற வரிசை வீடுகளின் வாசல், ஆட்களைப் பேர் எடுக்கும் பிரட்டுக்களம், தேயிலை ஆலையான ஸ்டோரின் முற்றம், கோயிலடி: கல்யாணப் பந்தலும் கிரிக்கெட்டும் சங்கக் கூட்டமும் அங்கேதான். சண்டை வந்தாலும் அங்கேதான் வரும். தேயிலைச் செடிக்குள் நின்று யாரும் சண்டை போடமாட்டார்கள், காலை வைக்கவே இடமிருக்காது. சரிவைப் பின்னால் காட்டுங்கள்: சாய்வாக ஏறும் தேயிலை நிரைகள், கல் படிகள், மேல் லயத்துத் தகரக் கூரை. கால் படும் இடம் மட்டும் தட்டை.

என்னைக் கேட்டால் காமன் பொட்டலை எடுப்பேன். மாசியில் காமன் கூத்து நடக்கும் இடம், இரவு, தப்பு மேளச் சத்தம், சுற்றிலும் சனம். நடுவில் ஆட இடம் விட்டு ஓரமாக ஆட்கள் நிற்பது அங்கே இயல்பு, நீங்கள் காரணம் கற்பிக்கத் தேவையில்லை. தீப்பந்த வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் ஆட்டக்காரரின் உடலோரம் இருட்டிலிருந்து தெளிவாகப் பிரிந்து வரும். சனத்தை மங்கிய நிறத்தில், மெதுவாக மட்டும் அசைய விடுங்கள். ஒருவன் பலமான அடி வாங்கும்போது மட்டும் எல்லோரும் ஒரு கணம் நிமிரட்டும், அது போதும்.

பகல் காட்சிதான் வேண்டும் என்றால், கொழுந்து பறிப்பவர்களைத் தபால் அட்டைப் படம்போல் சிரித்தபடி பறிக்கவிட்டு வைக்காதீர்கள். முன்னால் இரண்டு பேர் அடிபடும்போது எந்தப் பெண்ணும் குனிந்து கொழுந்து கிள்ளமாட்டாள். இடுப்பில் படங்குத் துணியைக் கட்டியபடி, பாதி நிறைந்த கூடையோடு நின்று பார்ப்பாள்.

ஸ்டேஜின் அகலம் இரண்டு திரைக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது. இரண்டு மூலையும் வேறு வேறாகத் தெரியவேண்டும். மூலையில் மாட்டினால் பின்வாங்க இடமில்லை என்பதால், நல்ல ஆட்டக்காரன் ஓரக்கண்ணால் பின்னணியைப் பார்த்தே தூரத்தை அளப்பான். இடது கோடியில் தண்ணீர்ப் பீலி, வலது கோடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா என்று வைத்தால் ஒரே நாளில் பழகிவிடும்.

பனிமூட்டம் உங்களுக்குக் கிடைத்த வரம், ஆனால் அதைத் தப்பான பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். ஆட்டக்காரருக்கு முன்னால் ஓடும் பனி, கால் உதையை மறைக்கும். அதே பனி பின்னால் இருந்தால் மலையின் நிறத்தை வெளுக்கவைத்து, முன்னால் நிற்பவரைத் தூக்கிக் காட்டும். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, தபால் தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இரண்டு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று உடனே தெரியவில்லையென்றால் பின்னணியை இன்னும் வெளுக்கவேண்டும். பச்சை உடுப்புக்காரர் யாராவது இருந்தால் அவரைத் தேயிலைக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

ரயில். தலை உயரத்தில் குறுக்காக ஓடும் எதுவும், நிற்பவன் நகர்வதுபோல் கண்ணை ஏமாற்றும், தூரம் பிசகும். அதைத் தலைக்கு மேலே, எதிர்மலையில், சிறியதாக ஓடவிடுங்கள். இன்னும் நல்லது, ரவுண்ட் அறிவிப்பின்போது, ஆட்டக்காரர் இன்னும் அசைய முடியாத அந்தச் சில விநாடிகளில் கடந்துபோகட்டும். பாலத்தையும் நீர்வீழ்ச்சியையும் சேர்த்து வைக்கவேண்டாம். சென்கிளேயர் தலவாக்கலைப் பக்கம். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில். இரண்டும் ஒன்றாகத் தெரியும் தோட்டம் கிடையாது. வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியாமல் போகலாம், உங்கள் கேமை முதலில் விளையாடப் போவது ஊர்ப் பசங்கள்.

தப்பு மேளத்தை வைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். குச்சி தோலில் படும் அந்தக் கூரிய ஒலி, உங்கள் அடி விழும் ஒலியோடு குழம்பும். அடி பட்டதா, தடுக்கப்பட்டதா என்பதைப் பலர் காதால்தான் பிடிக்கிறார்கள். தப்பின் மேல் அலைவரிசையைக் குறைத்து, அடி விழும் கணத்தில் இசை தானாகத் தணியும்படி செய்யுங்கள்.

பள்ளம் இருக்கலாம், ஆனால் ஆட்டத்தின் நடுவே யாரும் அதில் விழக்கூடாது. 1992இல் வந்த முதல் மோர்ட்டல் கொம்பாட்டில் பாலத்து ஸ்டேஜ் ஒன்று உண்டு: ஆட்டம் முடிந்த பிறகு விடும் கடைசிக் குத்து மட்டுமே எதிராளியைக் கீழே முள்ளில் தள்ளும். முடிவை மாற்றாமல் பார்ப்பவரைக் கத்தவைக்க அது போதும்.

மண்சரிவு வேண்டாம். கேமின் நியாயத்துக்கும் அது கெடுதிதான், இடையில் தரை மாறினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் குழம்பும். ஆனால் நான் வேண்டாம் என்பது அதற்காக அல்ல. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. உங்கள் கேமை விளையாடும் ஒருவருக்கு அது வேடிக்கைக் காட்சியாக இராது.

இவ்வளவும் மாற்றிய பிறகு, உங்களில் யாரிடம் ஆகப் பழைய லேப்டாப் இருக்கிறதோ அதில் ஓட்டிப்பாருங்கள். திரை முழுவதும் பரவும் ஒளி ஊடுருவும் பனி லேயர்கள் இரண்டு மூன்று அடுக்கினாலே பழைய கிராஃபிக்ஸ் சிப் திணறும். ஃபிரேம் விழுந்தால் முதலில் பனியைக் குறையுங்கள், அடுத்து சனத்தை. தீப்பந்தத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.