ஒரே வீடு, ஒரே கொசு, ஒருவருக்கு மட்டும் ஏன்?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: கும்பகோணத்தில் வசிக்கும், ஓய்வுபெற்ற நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்

என் மகளுக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் தங்கமானவன். ஆனால் அவன் அம்மாவுக்கு இடது காலில் யானைக்கால். பரம்பரையாக வருமா, என் மகளுக்கு ஒட்டுமா என்று வீட்டில் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். அதே வீட்டில் அப்பாவுக்கும் பாட்டிக்கும் கால் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு மட்டும் ஏன்?
— ஒரு தாய், பாபநாசம்

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா, காரணத்துக்கு அப்புறம் வருவோம். யானைக்கால் ஒட்டுவாரொட்டி இல்லை. தொட்டால் வராது, ஒன்றாகச் சாப்பிட்டால் வராது, தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கவும் இறங்காது. சாக்கடைத் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு கொண்டுவந்து சேர்க்கும் ஒரு நூல்புழுதான் காரணம். அதுவும் ஒரு கடியில் வந்துவிடாது, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கடிபட வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காக வரனைத் தள்ளாதீர்கள். காலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன சம்பந்தங்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு ஆறவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. என் வேலைக்காலம் முழுக்க நான் சுற்றிவந்த கேள்வி அது.

வளர்ந்த புழு நிணநீர் நாளங்களுக்குள் தங்கி, குட்டிகளை ரத்தத்தில் விடும். பகலில் குட்டிகள் நுரையீரல் பக்கத்து ரத்தக் குழாய்களில் ஒதுங்கியிருக்கும், ராத்திரியில்தான் தோலுக்கடியில் வரும். அந்தக் கொசு கடிக்கிற நேரமும் அதுதான். சுகாதார ஊழியர்கள் இரவு எட்டரைக்கு மேல் டார்ச் லைட்டோடு தெருவில் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்படி எடுத்த ஒரு சொட்டுப் புது ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், சிவப்பணுக்களை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு அந்தக் குட்டி நெளிவது நன்றாகத் தெரியும். ரத்தம் கொடுத்தவரைக் கூப்பிட்டுப் பார்த்தால் கால் இரண்டும் சாதாரணமாக இருக்கும். காய்ச்சல்கூட வந்திருக்காது. கால் வீங்கியவரின் ரத்தத்திலோ பெரும்பாலும் குட்டியே அகப்படாது.

இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. குட்டிகளைச் சுமப்பவரின் எதிர்ப்பு மண்டலம் அந்தப் புழுவோடு சமாதானமாகிவிடுகிறது. அதன் மீது பாய வேண்டிய டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்களை அடக்கி வைக்கிறது. கால் வீங்கியவருக்கு அந்த அடக்கம் குறைவு. அவருடைய எதிர்ப்பு மண்டலம் புழுவின் மீது விடாமல் பாய்கிறது, அந்தச் சண்டையில் அடிபடுவது அவருடைய நிணநீர் நாளமே. சென்னையில் சுபாஷ் பாபுவும் அவரோடு வேலை செய்தவர்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: வீக்கம் கண்டவர்களிடம் அழற்சியைத் தூண்டும் இரண்டு வகை டி அணுக்கள் தூக்கலாக இருந்தன, அவற்றைக் கட்டுக்குள் வைக்கும் அணுக்களின் கை தாழ்ந்திருந்தது. அப்புறம் விரலிடுக்குப் புண் வழியாக பாக்டீரியா நுழைந்து, அடிக்கடி நெறி கட்டிக் காய்ச்சல் வந்து, வீக்கத்தை நிரந்தரமாக்கும்.

யார் சமாதானமாவார், யார் பாய்வார் என்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. சில குடும்பங்களில் வீக்கம் கூடுதலாக வருவதை வெளிநாடுகளிலும் கவனித்திருக்கிறார்கள். ஆனால் இதுதான் அந்த மரபணு என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. புழு இல்லாவிட்டால் எந்த மரபணுவும் காலை வீங்கவைக்கப் போவதில்லை.

அதனால்தான் ஊர் முழுக்க யானைக்கால் மாத்திரை கொடுத்த வருடங்களில், “எனக்குத்தான் கால் வீங்கவில்லையே, எனக்கெதற்கு?” என்று வாங்காமல் போனவர்களைப் பார்த்தபோது எனக்குப் பதறியது. கொசுவுக்குப் புழுவைக் கொடுப்பவர் பெரும்பாலும் வீங்காத காலோடு நடப்பவர்தான். அந்த அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் மெல்லத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உட்காரும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும். சின்னப் புண்ணானாலும் அன்றைக்கே மருந்து போட வேண்டும். இவ்வளவு செய்தாலே காய்ச்சல் வருவது வெகுவாகக் குறையும்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று ஒரு பொடி விற்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், நன்னிலம்

வேண்டாம். மேலே இருக்கும் பதிலைப் படியுங்கள். எதிர்ப்பு கூடிப்போனாலும் உடம்புக்குக் கேடுதான். அந்தக் காசுக்கு முட்டையும் கீரையும் வாங்குங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

மதுரையில் ஒரு பேராசிரியர் காசநோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பு கண்டுபிடித்ததாகப் படித்தேன். என் அண்ணனுக்குக் காசநோய் வந்து குணமாகிவிட்டது. அதே அறையில் படுத்த எனக்கு வரவில்லை. அதுதான் காரணமா?
— கல்லூரி மாணவி, திருத்துறைப்பூண்டி

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ராமசாமி பிச்சப்பனைத்தான் சொல்கிறாய் என்று நினைக்கிறேன். எங்கள் துறையில் மரியாதையோடு சொல்லப்படும் பெயர். தென்தமிழ்நாட்டுச் சமூகங்களின் எச்.எல்.ஏ. வகைகளை ஆராய்ந்தவர். நுரையீரல் காசநோய் உள்ளவர்களிடம் டி.ஆர்.2 என்ற வகை கூடுதலாக இருப்பதைக் காட்டும் கட்டுரையை அவருடைய குழு 1991-ல் வெளியிட்டது. தொழுநோயிலும் இதே வகையின் பெயர் அடிபட்டது.

எச்.எல்.ஏ. என்பது ஆறாவது குரோமோசோமில் இருக்கும் மரபணுக் கூட்டம். உள்ளே புகுந்த கிருமியின் ஒரு துணுக்கை எடுத்து அணுவின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் புரதத்தை அது செய்கிறது. டி அணு அதைப் பார்த்துத்தான் எதிரி யாரென்று தெரிந்துகொள்ளும். ஏந்தும் புரதத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே ஒருவர் நன்றாகக் காட்டும் துணுக்கை இன்னொருவரால் காட்ட முடியாமல் போகலாம். இப்படி ஆயிரக்கணக்கான வடிவங்கள் மனிதர்களிடம் உண்டு. அது நமக்கு நல்லது. டெல்டா முழுக்க ஆந்திரா பொன்னி ஒன்றையே நட்டால் குலைநோய் வந்த வருடத்தில் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேள்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். கிருமி உள்ளே போனவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்குத்தான் வாழ்நாளில் காசநோய் வரும். டி.ஆர்.2 இருப்பவர்களிலும் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். சாப்பாடு, சர்க்கரை நோய், புகை, காற்றோட்டமில்லாத அறை எல்லாம் சேர்ந்துதான் யாரைப் பிடிக்கும் என்று முடிவாகிறது. நீ மரபணுவை யோசித்துக்கொண்டு சும்மா இருக்காதே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள். கட்டணம் கிடையாது.

என் மகனுக்கு 26 வயது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் இடுப்பு மரக்கட்டை மாதிரி இருக்கிறது. எச்.எல்.ஏ. பி27 பாசிட்டிவ் என்கிறார்கள். தங்கைக்கும் பார்க்க வேண்டுமா?
— தகப்பனார், மன்னார்குடி

உங்கள் மகனுக்கு வந்திருப்பது, முதுகெலும்பை இறுகவைக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற வாத நோயாக இருக்கலாம். அதற்கும், எச்.எல்.ஏ.வில் ஒரு வகையான பி27-க்கும் உள்ள தொடர்பை 1973-ல் லண்டனில் ஒரு குழுவும் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு குழுவும் தனித்தனியே கண்டுபிடித்தன. ஐரோப்பிய நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு பி27 இருந்தது. ஒரு மரபணு வகைக்கும் நோய்க்கும் இவ்வளவு நெருக்கம் அபூர்வம். ஆனாலும் பி27 உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை.

தங்கைக்கு அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தொந்தரவு எதுவும் இல்லையென்றால் சோதனை வேண்டாம். கையில் ஒரு தாளும் மனதில் ஒரு பயமும்தான் மிஞ்சும். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் இடுப்புவலி, படுத்தால் கூடி நடந்தால் குறைவது, கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாமல் போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே காட்டுங்கள். பெண் பிள்ளைக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மகனுக்கு ஓய்வு கொடுக்காதீர்கள். தினமும் உடற்பயிற்சி வேண்டும், குளத்தில் நீந்தத் தெரிந்தால் இன்னும் நல்லது. பீடி, சிகரெட் கூடாது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தை அடக்கும் ஊசி போடலாம் என்று டாக்டர் சொன்னால், போடுவதற்கு முன் உள்ளே உறங்கும் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஊசி அதை எழுப்பிவிடலாம்.

எனக்குச் சிறுநீரகம் தர என் தம்பி முன்வந்தான். பொருத்தம் இல்லை என்றுவிட்டார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்தும் எப்படி?
— வாசகர், வேதாரண்யம்

அப்பாவிடமிருந்து ஒரு எச்.எல்.ஏ. தொகுதி, அம்மாவிடமிருந்து ஒன்று நமக்கு வருகிறது. இருவரிடமும் இரண்டிரண்டு இருப்பதால் நாலு விதமாகச் சேரலாம். உடன்பிறந்தவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு, பாதி பொருந்த நாலில் இரண்டு, கொஞ்சமும் பொருந்தாமல் போக நாலில் ஒன்று.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்வோம். குழிகள் கொண்ட சின்னத் தட்டில் ஒவ்வொரு குழியிலும் ஒரு மைக்ரோலிட்டர் சீரம். அந்தச் சீரம் பல பிள்ளைகள் பெற்ற தாய்மார்களின் ரத்தத்திலிருந்து வந்தது, ஏனென்றால் வயிற்றுப் பிள்ளை வழியாகத் தகப்பனின் எச்.எல்.ஏ.வுக்கு எதிர்பொருள் (ஆன்டிபாடி) அவர்களிடம் உண்டாகியிருக்கும். அதில் நோயாளியின் வெள்ளை அணுக்களை விட்டு, சாயம் சேர்த்துப் பார்த்தால், செத்த அணு சாயத்தைக் குடித்துக் கறுத்துப்போயிருக்கும், பிழைத்த அணு பளிச்சென்று மின்னும். எந்தக் குழியில் செத்தது என்பதை வைத்து வகை சொல்வோம். இப்போது டி.என்.ஏ.வை நேரடியாகப் படித்துவிடுகிறார்கள்.

தம்பி இல்லையென்றால் கதவு மூடிவிடவில்லை. வேறு உடன்பிறப்புகள் இருந்தால் அவர்களுக்கும் பாருங்கள். பெற்றோர் எப்போதும் பாதியாவது பொருந்துவார்கள். இன்றைய மருந்துகளோடு பாதிப் பொருத்தமே போதுமானதாகிவிடுகிறது, மனைவியின் சிறுநீரகம்கூடப் பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. எந்தப் பொருத்தம் இல்லை என்றார்கள் என்று மருத்துவமனையில் தெளிவாகக் கேளுங்கள். ரத்த வகையா, எச்.எல்.ஏ.வா, இல்லை தம்பியின் அணுக்களை எதிர்க்கும் எதிர்பொருள் உங்கள் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறதா? மூன்றுக்கும் அடுத்து செய்ய வேண்டியது வேறு வேறு.