கிணற்றுத் தண்ணீரில் கப்பி பெருகுது, நியான் டெட்ரா ஏன் சாகுது?

கோண்டாவில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் விட்ட மீன்தொட்டியில் கப்பி மீன் குட்டி போடுகிறது, நியான் டெட்ரா மட்டும் செத்துப்போகிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் தொட்டிக்குள்ளும் கரைந்திருக்கிறது. கப்பி, மொலி, பிளாட்டிக்கு அது நல்லாய்ப் பிடிக்கும். நியான் அமேசன் பக்கத்து மென்னீர் மீன், சுண்ணாம்பு குறைந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். மாரியில் மழைத்தண்ணீர் பிடித்துக் கலக்கலாம், சரி; ஆவணி வெயிலுக்கு எங்கே போவது? தண்ணீருக்கேற்ற மீனை வாங்குவதுதான் புத்தி.

இன்னொன்று, காரத்தன்மை கூடிய தண்ணீரில், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நஞ்சும் கூடும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால், உடனே கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், இரையையும் குறையுங்கள். புதுத் தொட்டியின் வடிகட்டியில் அந்த அமோனியாவை மாற்றும் நல்ல பக்டீரியா பிடிக்க 4 முதல் 6 கிழமை வரை ஆகும். வடிகட்டி ஸ்பொஞ்சைக் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் அந்தப் பக்டீரியா போய்விடும். தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

ஆண் கப்பியோடு ஃபைட்டர் மீனை விடவேண்டாம், கப்பியின் வாலைக் கிழித்துவிடும். கோல்ட்ஃபிஷ்ஷுக்குத் தனித் தொட்டி.