வாசகர் கேள்வி: அழிஞ்சுபோன குளோவர் திரும்ப வந்துச்சா?

கேள்வி: எங்க ஏரியால தேங்கின தண்ணி ஓரம் நாலு இலையோட வளர்றது குளோவரா சார்? அமெரிக்கால ஒரு குளோவர் அழிஞ்சுபோய் திரும்ப கெடச்சுதாமே?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: நீங்க பாக்கறது பெரும்பாலும் ஆரைக்கீரைம்மா, பூவே பூக்காத பெரணி வகை, குளோவர் இல்ல. குளோவர்ங்கறது பெரும்பாலும் மூணு மூணு இலையா வளர்ற, பூக்கற ஒரு தீவனச் செடி. நீங்க கேள்விப்பட்டது ரன்னிங் பஃபலோ குளோவர். வல்லாரை மாதிரி தரையோட கொடி ஓட்டி பரவும், வெள்ளைப் பூ, பூவுக்குக் கீழயே ஜோடியா ரெண்டு இலை, அதான் அடையாளம். முழு நிழலும் ஆகாது, முழு வெயிலும் ஆகாது, பைசன்ங்கற அமெரிக்கக் காட்டு மாடுங்க மிதிச்சு மேஞ்சு தெறந்துவிட்ட மண்ணுலதான் செழிச்சுது, அந்த மாடுங்கள வேட்டையாடித் தீத்ததும் இதுவும் சுருங்கிடுச்சு. 1940க்கு அப்புறம் யார் கண்ணுலயும் படல, 1983ல மேற்கு வர்ஜீனியால திரும்ப கெடச்சப்போ எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாங்க! 1987ல அழியும் நிலை லிஸ்ட்ல சேத்து காப்பாத்தினாங்க, கென்டக்கி, ஒஹாயோனு பல எடத்துல நெறைய கூட்டம் தெரியவந்து 2021ல லிஸ்ட்லேர்ந்தே எடுத்துட்டாங்க. எடுத்தாலும் குறைஞ்சது அஞ்சு வருஷம் கண்காணிக்கணும்னு அங்க சட்டமே இருக்கு, அது ரொம்ப சரி, ஏன்னா சும்மா வேலி போட்டு விட்டா புதர் மூடி இந்தச் செடி செத்துடும்.