அடையின் அடி விளிம்பைப் பாருங்கள்

பொங்கல் முடிந்ததிலிருந்து எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பெட்டியிலிருந்து தேனீ பிரிந்து போவது. மழை விட்டு, முருங்கை பூத்து, வேம்பு தளிர்க்கிற இந்த மாசி, பங்குனிதான் நம் வட சென்னையில் கூட்டம் பிரியும் காலம். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் வளர்ப்பது நம் ஊர் இந்தியத் தேனீ. திருவொற்றியூர் வீட்டு மொட்டை மாடியில் நாலு பெட்டி, மாதவரத்தில் நண்பர் தோட்டத்தில் ஆறு பெட்டி. இங்கே சொல்வதெல்லாம் இந்தத் தேனீக்குத்தான் பொருந்தும்.

மார்த்தாண்டத்திலிருந்து பெட்டி வாங்கி வந்து மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன். போன வருஷம் மாசியில் ஒருநாள் காலை பத்தரை மணிக்குப் பெரிய இரைச்சலோடு பாதித் தேனீ கிளம்பிப் போய்விட்டது. நான் என்ன தப்பு செய்தேன்? இந்த வருஷமும் போய்விடுமா?
— வாசகி, கொருக்குப்பேட்டை

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை அம்மா. நோஞ்சான் குடும்பம் பிரியாது. நன்றாகத் தின்று, நன்றாகப் பெருகிய குடும்பம்தான் பிரியும். நாம் வைத்திருக்கும் நியூட்டன் பெட்டியின் கீழ் அறையில், தேனீ மெழுகு அடை கட்டுகிற மரச்சட்டம் ஏழுதான் கொள்ளும். நூறு வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன், நம் ஊர்ச் சிறிய தேனீக்கு ஏற்ற அளவில் வடிவமைத்த பெட்டி அது. பூ வந்துவிட்டால் மூன்று வாரத்தில் நிரம்பிவிடும். உள்ளே நெரிசல் கூடக் கூட ராணியின் மணம் எல்லாத் தேனீக்கும் போய்ச் சேராது. மணம் குறைந்த இடத்தில் வேலைக்காரத் தேனீக்கள் அடுத்த ராணியை வளர்க்க ஆரம்பித்துவிடும். புது ராணிக்குப் பழைய வீட்டை விட்டுவிட்டு, கிழவி பாதிக் குடும்பத்தோடு வேறு இடம் தேடிக் கிளம்புவாள். போன வருஷம் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இந்த வருஷம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும், வெயில் ஏறுவதற்குள் பெட்டியைத் திறங்கள். தேங்காய் நார்ப் புகை இரண்டு மூச்சு போதும். முதலில் அடையில் ஆண் தேனீ வளரும் சிறு அறைகளைத் தேடுங்கள். மற்ற அறைகளைவிடச் சற்றுப் பெரிதாக, மூடி புடைத்துக்கொண்டு இருக்கும். அந்த மூடியின் நடுவில் ஊசியால் குத்தியது போல ஒரு துளை இருக்கும். நம் தேனீக்கே உரிய அடையாளம் அது. நான் முதன்முதலில் பார்த்தபோது ஏதோ பூச்சி துளைத்துவிட்டது என்று நினைத்துப் பயந்துபோய், அடையையே வெட்டி எடுத்துவிட்டேன். நீங்கள் பயப்பட வேண்டாம். அது நோய் இல்லை, பிரியும் காலம் நெருங்குகிறது என்பதற்கான முதல் தகவல்.

அதற்கு அப்புறம் சட்டத்தைத் தூக்கி, மெல்லச் சாய்த்து, அடையின் அடி விளிம்பைப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கும் சிறு கிண்ணங்கள் தெரியும், ராணி அறையின் தொடக்கம் அதுதான். கிண்ணம் காலியாக இருந்தால் கவலை இல்லை. உள்ளே முட்டையோ, பால் போன்ற கூழில் மிதக்கும் புழுவோ இருந்தால் குடும்பம் முடிவெடுத்துவிட்டது என்று அர்த்தம். முட்டையிலிருந்து ராணி வெளியே வரச் சுமார் 16 நாள். எட்டாம் நாள் வாக்கில் அந்த அறையை மெழுகால் மூடுவார்கள். மூடிய ஒன்றிரண்டு நாளில், வானம் வெளுத்திருந்தால், கிழவி கிளம்பிவிடுவாள். வாரத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னது இதனால்தான். பத்து நாள் விட்டால் ஒரு கூட்டம் போய்விடும்.

கிண்ணம் காலியாக இருக்கும்போதே இடம் கொடுத்துவிடுங்கள். மேலே தேன் அறையை வையுங்கள். ஓரத்தில் கறுத்துப்போன பழைய அடை இருந்தால் எடுத்துவிட்டு வெறும் சட்டம் போடுங்கள், கட்டுகிற வேலை வந்துவிட்டால் கவனம் மாறும். மதிய வெயில் நேராக விழுந்தால் தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள். வயதான ராணி உள்ள குடும்பம் சீக்கிரம் பிரியும், இளம் ராணி இருந்தால் அவ்வளவாகப் பிரியாது.

புழு வந்துவிட்டதா? அப்போது தடுக்கப் பார்க்காதீர்கள். நீங்களே பிரித்துவிடுங்கள். பழைய ராணி இருக்கும் சட்டத்தோடு, மூடிய புழு உள்ள ஒரு சட்டம், தேன் உள்ள ஒரு சட்டம், ஆக மூன்றையும் தேனீக்களோடு புதுப் பெட்டிக்கு மாற்றுங்கள். இன்னொரு சட்டத்துத் தேனீக்களையும் அதிலேயே உதறிவிடுங்கள், ஏனென்றால் வெளியே போய் வரும் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். புதுப் பெட்டியை மாடியின் மறு கோடியில் வைத்து, ஒரு வாரம் சர்க்கரையும் தண்ணீரும் சரிபாதி கலந்த பாகு கொடுங்கள். பழைய பெட்டியில் நீளமான, கொழுத்த ராணி அறை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். ஒரு பெட்டி இரண்டாகிவிடும், கூட்டமும் உங்கள் மாடியை விட்டுப் போகாது.

ராணி அறைகளை எல்லாம் வெட்டிவிட்டேன். அப்படியும் போய்விட்டது. எப்படி?
— வாசகர், மணலி

ஒன்றை விட்டிருப்பீர்கள் தம்பி. என் கதையும் இதேதான். 2012 பங்குனியில் எட்டு அறை எண்ணி வெட்டினேன். நிம்மதியாக இருந்தேன். அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்குக் கூட்டம் கிளம்பிப் பக்கத்து வீட்டுப் பூவரசில் போய்த் தொங்கியது. என்னிடம் காலிப் பெட்டி இல்லை. ஒன்று வாங்கலாம் என்று நான் ஓடித் திரும்புவதற்குள் கிளை வெறுமையாக இருந்தது. கூட்டம் துறைமுகப் பக்கமாகப் போனதாகத் தெருவில் சொன்னார்கள். அப்புறம் பெட்டியைத் திறந்து பார்த்தால், மூலைச் சட்டத்தின் கட்டைக்கும் அடைக்கும் நடுவே ஒன்பதாவது அறை. அதன் மேல் தேனீக்கள் அப்பியிருந்ததால் நான் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து தை பிறந்ததும் இரண்டு காலிப் பெட்டிகளைத் துடைத்துத் தயாராக வைத்துவிடுகிறேன்.

ஒன்றும் விடாமல் வெட்டினாலும் நெரிசல் அப்படியே இருக்கிறதே. மறுநாளே புதிதாகக் கட்டுவார்கள். வெட்டுவது ஒரு வாரத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். முதல் கூட்டம் போன பிறகும் கவனம் வேண்டும். ஒரு வாரம் கழித்து மாலையில் பெட்டியின் மேல் காதை வைத்துக் கேளுங்கள். நீளமாக ஒரு ‘பீ…’ சத்தம் வந்தால், வெளிவந்த புது ராணி குரல் கொடுக்கிறாள் என்று பொருள். இன்னும் சில ராணிகள் அறைக்குள் இருக்கலாம், இரண்டாவது கூட்டமும் கிளம்பலாம். ஒரு ராணி அறையை மட்டும் விடச் சொன்னது இதற்காகவும்தான்.

வாசல் முருங்கை மரத்தில் தேனீ கொத்தாகத் தொங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பந்தம் கொளுத்தலாம் என்கிறார். குழந்தைகள் இருக்கும் வீடு. என்ன செய்வது?
— வாசகி, காசிமேடு

உங்கள் கடிதம் எனக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கூட்டம் போயிருக்கும். அடுத்து வரும்போது உதவட்டும் என்று எழுதுகிறேன். தயவுசெய்து கொளுத்த விடாதீர்கள் அம்மா. கொத்தாகத் தொங்கும் கூட்டத்துக்குக் காக்க வீடும் இல்லை, குஞ்சும் இல்லை. வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வந்திருப்பதால் கொட்டும் எண்ணமும் குறைவு. தள்ளி நின்று பார்த்தால் சில மணி நேரத்திலோ, ஓரிரு நாளிலோ தானே போய்விடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தேனீக்களுக்குள் பெரிய ஒற்றை அடை இருந்தால் அது மலைத்தேனீ. அதன் பக்கம் யாரும் போக வேண்டாம், பழகிய ஆளைத்தான் அழைக்க வேண்டும்.

தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன் இல்லையா, உண்மையிலேயே பாருங்கள். கொத்தின் மேல்பரப்பில் சில தேனீக்கள் வயிற்றை ஆட்டியபடி நேராக ஓடி, வளைந்து திரும்பி, மறுபடி ஓடும். புது வீட்டுக்கு இடம் பார்த்துவிட்டு வந்து மற்றவர்களுக்கு வழி சொல்கின்றன. 1949-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் மார்ட்டின் லிண்டாவர் என்ற ஆய்வாளர், இப்படி ஆடிய தேனீக்களின் உடம்பில் கரியும் செங்கல் தூளும் படிந்திருப்பதைக் கவனித்தார். போரில் இடிந்த கட்டடங்களின் பொந்துகளில் வீடு தேடிவிட்டு வந்தவை அவை. போன பங்குனியில் என் மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கிய கூட்டத்தின் மேலும் முதுகு சிவந்த ஒரு தேனீ விடாமல் ஆடியது. இரண்டு தெரு தள்ளிப் பழைய வீடு ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலையே பிடித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன், இல்லாவிட்டால் அந்தச் சுவருக்குத்தான் போயிருக்கும்.

பிடிக்கத் தெரிந்தவர் அருகில் இருந்தால் பொழுது சாயும் நேரம் வரச் சொல்லுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்து, துணிப் பையை அடியில் பிடித்து, கிளையை ஒரே உலுக்கு. பெட்டியில் வேறு குடும்பத்தின் புழு உள்ள சட்டம் ஒன்றைப் போட்டால் அந்தப் புழுவை விட்டுவிட்டுப் போக அவற்றுக்கு மனம் வராது.

பெட்டி மொத்தமும் காலி. ஒரு தேனீகூட இல்லை, தேனும் இல்லை. இதுவும் பிரிதலா?
— வாசகர், வியாசர்பாடி

இல்லை, இது ஓடிப்போவது. பிரிந்தால் பாதித் தேனீயும் ராணி அறைகளும் மிச்சம் இருக்கும். உணவு இல்லாமலோ, வெயில், எறும்பு, மெழுகு அந்துப்பூச்சித் தொல்லையாலோ குடும்பமே கிளம்பியிருக்கும். மிச்சமிருக்கும் அடைகளில் நூலாம்படை போல இருந்தால் எரித்துவிடுங்கள். பெட்டியை வெயிலில் காயவைத்து, பெட்டித் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

கூட்டம் பிரிந்து 12 நாள் ஆகிறது. பெட்டியில் ஒரு முட்டைகூட இல்லை. ராணி செத்துவிட்டதா?
— வாசகி, தண்டையார்பேட்டை

அவசரப்படாதீர்கள். புது ராணி வெளிவந்து, சில நாள் உடம்பு தேறி, மதியத்துக்கு மேல் வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு கூடித் திரும்பி, அப்புறம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் முட்டையிடுவாள். மொத்தம் மூன்று வாரம் கொடுங்கள். அதுவரை மதியத்தில் பெட்டியைத் திறக்க வேண்டாம். திரும்பி வரும் ராணி, கலைந்து கிடக்கும் வாசலைப் பார்த்து வழி தவறக்கூடும். மூன்று வாரத்துக்குப் பிறகு காலை வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று அறையின் அடியைப் பாருங்கள். அறைக்கு ஒன்றாக, நடுவில் முட்டை நின்றால் ராணி இருக்கிறாள். ஒரே அறையில் இரண்டு மூன்று, அதுவும் சுவரில் ஒட்டியபடி இருந்தால் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடுகின்றன. அப்படி இருந்தால் உடனே எழுதுங்கள். பக்கத்தில் யாரிடமாவது இன்னொரு பெட்டி இருக்கிறதா என்பதையும் கடிதத்தில் சொல்லுங்கள், இரண்டையும் சேர்க்கத்தான் வேண்டியிருக்கும்.