திராட்சைக் கன்றுக்கு முதல் வருடம் என்ன உரம் போடுவது?

கேள்வி: பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் வீட்டுத் தோட்டத்தில் பன்னீர் திராட்சை நட்டு மூன்று மாதம் ஆகிறது. போர்வெல் தண்ணீர்தான். உரக்கடையில் டிஏபியும் பொட்டாஷும் போடச் சொல்கிறார்கள். எவ்வளவு போடலாம்?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். முதலில் உங்கள் போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, கொஞ்சம் மண்ணும் எடுத்துக்கொண்டு மண் பரிசோதனை நிலையத்துக்குப் போய் வாருங்கள். நான் பார்த்த வரை, நம்ம பக்கத்தில் இளம் திராட்சை உரம் போதாமல் கெடுவதைவிட உப்பு கூடிக் கெடுவதுதான் அதிகம். ஆற்றுக்கால் பாயும் இடமென்றால் அவ்வளவு கவலை இல்லை. திசையன்விளை, ராதாபுரம் என்று கடலை நெருங்க நெருங்கக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரிந்துவிடும். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் நாக்கு போதாது, பரிசோதனை வேண்டும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உப்பில் இருக்கும் குளோரைடு திராட்சைக்கு ஆகாது. உப்புத் தண்ணீர் பாய்ந்தால் கீழ் இலைகளின் ஓரம் கருகும். பொட்டாஷ் சத்து குறைந்தாலும் ஏறக்குறைய அதே மாதிரிதான் கருகும். இலையைக் கொண்டுபோய்க் காட்டினால் கடை அண்ணாச்சி மியூரேட் ஆஃப் பொட்டாஷ் எடுத்துக் கொடுப்பார். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் குளோரைடுதான். ஏற்கெனவே உப்பில் வாடும் கொடிக்கு அதையே அள்ளிப் போட்டால் என்ன ஆகும்? பொட்டாஷ் தேவை என்று பரிசோதனையில் தெரிந்தால் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் திராட்சைக்கு அதுதான் சரி.

டிஏபியில் 46 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பரஸ்). மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது; மேலே தூவினால் மேலேயே நிற்கும். நடும்போதே குழியில் சூப்பர் பாஸ்பேட்டும் எருவும் போட்டிருந்தால் இந்த வருடத்துக்கு அது போதும்.

முதல் வருடம் கொடிக்கு வேலை இரண்டுதான். வேர் கீழே இறங்கணும், ஒற்றைத் தண்டு பந்தலுக்கு ஏறணும். பூங்கொத்து வந்தால் யோசிக்காமல் கிள்ளிவிடுங்கள். இந்த வேலைக்கு நன்றாக மக்கிய ஆட்டுப் புழுக்கையோ தொழு உரமோ, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் போதும். தூரை ஒட்டிப் போடாமல் ஓர் அடி தள்ளி வட்டமாகப் போட்டு, மேலே சருகால் மூடாக்கு போடுங்கள். எங்கள் செம்மண்ணில் குளத்து வண்டல் கலந்த பாத்திக்கும் கலக்காத பாத்திக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. வண்டல் கிடைத்தால் விடாதீர்கள், ஈரம் நிற்கும்.

இவ்வளவும் செய்து இலை வெளிறி, கொடி ஓடாமல் நின்றால் மட்டும் யூரியா. கன்றுக்கு 20 முதல் 25 கிராம், மாதம் ஒரு முறை, ஈர மண்ணில் போட்டு உடனே தண்ணீர் விடுங்கள். இது கூடினால் நம்ம ஊரில் இரண்டு வகையில் அடி விழும். கணு இடைவெளி நீண்டு மெத்தென்று வளர்ந்த தண்டு ஆடிக் காற்றில் பொட்டென்று ஒடியும். காற்றுக்குத் தப்பினாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த இளந்தளிரில்தான் அடிச்சாம்பல் நோய் முதலில் இறங்கும். இலைக்கு மேலே எண்ணெய்ப் பொட்டு மாதிரி, அடியில் வெள்ளைப் பூச்சு. அதனால் புரட்டாசிக்கு மேல் யூரியா போன்ற தழைச்சத்தை (நைட்ரஜன்) நிறுத்திவிடுங்கள். பச்சைத் தண்டு பழுப்பாக முற்றட்டும். தை, மாசியில் மறுபடி ஆரம்பிக்கலாம்.

தோட்டத்தில் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) தட்டுப்பட்டால் ஒன்று கவனியுங்கள். நரம்பு மட்டும் பச்சையாக இருந்து புது இலை மஞ்சளடித்தால் அது இரும்புச் சத்துக் குறை, யூரியாவால் சரியாகாது. லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளியுங்கள்.

தண்டு பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிக் கிளை பிரித்துவிடுங்கள். கிளைகள் முற்றிக் காய்ப்புக்காகக் கிளைகளை வெட்டிவிடும் கவாத்துப் பருவத்தில்தான் பொட்டாஷுக்கு உண்மையான தேவை வரும். கவாத்து முடிந்ததும் பாதி, 60 நாள் கழித்து மீதி என்று பிரித்துப் போடுங்கள்.